இடது முன்சக்கரத்தில் இருந்த தகரம்

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நடந்தது இது. எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவாகச் சொல்ல வரும். அதனால் முதலில் எண் போட்டே சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் வீட்டுப் பழைய வேனின் இடது முன்சக்கரம், வளைவில் திரும்பும்போதெல்லாம் அரைக்கிற சத்தம் போட ஆரம்பித்தது.

2. பதினான்கு ஒர்க்‌ஷாப்புகளைப் பட்டியல் எடுத்து ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். பதினான்கு பேரும் முடியாது என்றார்கள்.

3. எங்கள் பகுதி மெக்கானிக் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடமான ஹப்பைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே இருந்ததையெல்லாம் நான் கழுவித் துடைத்துப் பைகளில் போட்டு வைத்தேன். ஒன்றை மட்டும் குப்பையில் போட்டேன்.

4. புதிய பேரிங் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மல்லூர் வருவதற்குள் சக்கரம் புகைந்தது.

5. நாமக்கல்லில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறையில், அப்படி ஒரு வேனைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

அந்த வேனை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே அந்த மாடலைத் தயாரிப்பது நின்றுவிட்டது. ஆனால் அதில் இருக்கும் ஒரு வசதி இன்றைய வேன்களில் இல்லை. எஞ்சினின் இழுவை அதில் முன்சக்கரங்களுக்குப் போகிறது. பின்சக்கரத்துக்கு ஓடும் நீண்ட தண்டு கிடையாது. அதனால் வண்டியின் தளம் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். புதிய வேன்களில் அது இடுப்புயரம்.

என் அக்காவால் நடக்க முடியாது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் இருப்பவள். ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். அப்பா இருந்தபோது வேனின் பின்கதவில் ஒரு சாய்வுப் பலகை அடித்துக் கொடுத்தார். தளம் தாழ்வாக இருப்பதால் பலகையின் சரிவும் குறைவு. அக்கா யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறி உள்ளே போய்விடுவாள். அம்மா தினமும் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ராசிபுரம் வரை ஓட்டிப் போவார். பள்ளி முடியும்வரை வேனிலேயே உட்கார்ந்து, ஊரில் தைக்க வாங்கிய ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருப்பார். வேன் நின்றால் அக்காவின் வேலை நிற்கும். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் பொறியாளர். உதிரிபாகங்களை அளந்து, சரி அல்லது தவறு என்று எழுதுவது என் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டேன். பயப்படவில்லை. எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். கடை, ஊர், இந்த மாடல் பார்ப்பார்களா, பாகம் இருக்கிறதா என்று நான்கு பத்திகள்.

முதல் போனில் ஒருவர், "அந்த வண்டி இன்னும் ஓடுதுங்களா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். ஐந்தாமவர் சிரிக்காமல், "பழைய இரும்புக்குப் போடுங்க, நல்ல எடை நிக்கும்" என்றார். இன்னொருவர் மாடலின் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. மூன்றாவது பத்தி முழுக்க 'இல்லை' என்று நிரம்பியதால் நான்காவது பத்திக்கு வேலையே வரவில்லை.

கடைசியில் எங்கள் பகுதியில் ஆட்டோவும் காரும் பார்க்கும் மெக்கானிக், "கழட்டித் தரேன் மேடம். உள்ள என்ன இருக்குன்னு பார்த்து நீங்களே வாங்கிட்டு வாங்க, மாட்டித் தரேன்" என்றார். கழற்றியதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள். இரண்டுக்கும் நடுவில் அவற்றைத் தள்ளி நிறுத்த ஒரு இரும்பு வளையம். பேரிங்கின் விளிம்பிலேயே எண் பொறித்திருந்தது. சேலத்தில் ஒரு கடையில் அந்த எண்ணைச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் புதியது கிடைத்துவிட்டது. இதற்கா பதினான்கு பேர் கைவிரித்தார்கள் என்று நினைத்தேன்.

மற்ற பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அழுக்கோடு எதையும் அளவு மேசையில் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் டீசல் ஊற்றிக் கழுவினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துணியால் துடைத்துத் தனித்தனிப் பைகளில் போட்டு, மேலே பெயரும் எண்ணும் எழுதி ஒட்டினேன். அக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரீஸுக்குள் ஒட்டிக்கொண்டு மெல்லிய தகர வளையம் ஒன்று கிடந்தது. யாரோ கத்தரியால் கையில் வெட்டியது. ஓரமெல்லாம் கோணல். ஒரு பக்கம் ஏதோ டின் மூடியின் பச்சைப் பெயின்ட். இணையத்தில் தேடி எடுத்து வைத்திருந்த பாகங்களின் வரைபடத்தில் அப்படி ஒன்றே இல்லை. படத்தில் இல்லாதது வண்டிக்கும் தேவையில்லாதது என்று, ஒரு நொடிகூட யோசிக்காமல் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து எடுத்துப்போனது.

மாட்டும்போது மெக்கானிக் கேட்டார்: "இது மட்டும்தானா மேடம்? வேற எதுவும் இருந்துச்சா?"

"இவ்வளவுதான்" என்றேன். வரைபடத்தைக்கூடக் காட்டினேன்.

சோதனை ஓட்டத்துக்கு அக்காவும் வந்தாள். நாற்காலியோடு அவள் இருந்தால்தான் வழக்கமான எடை இருக்கும் என்று அவளே சொன்னாள். பொறியாளராக எனக்கும் அது சரியாகப் பட்டது. இப்போது நினைத்தால் என் தவறுகளில் பெரியது தகரத்தை எறிந்தது இல்லை, அவளை ஏற்றியதுதான் என்று தோன்றுகிறது.

மல்லூருக்குச் சற்று முன்னால் அம்மா, "ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்குதுடி" என்றார். அடுத்த நிமிடம் எரிந்த கிரீஸின் வாடை. அம்மா பதறாமல் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து புகை. இன்னும் சில கிலோமீட்டர் ஓடியிருந்தால் அந்தச் சக்கரம் நெடுஞ்சாலையின் நடுவில் இறுகி நின்றிருக்கும். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தேன்.

"தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் உட்டுரும்" என்று பின்னால் ஒரு குரல். முட்டை ஏற்றிப்போகும் ஒரு வண்டியின் டிரைவர், எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார். குனிந்து பார்த்தார். எங்கெல்லாம் விசாரித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அது தப்புங்க. இந்த வண்டி பாப்பீங்களான்னு கேட்டா, நாமக்கல்லுல எவனும் பாக்க மாட்டான். அங்க முழு வண்டியே யாரும் பாக்கறதில்லீங்க. ஹப்புன்னா ஹப்பு, கியர் பாக்ஸுன்னா கியர் பாக்ஸு, ஸ்பிரிங் பட்டைன்னா பட்டை. ஒருத்தருக்கு ஒரு வேலைதான். நீங்க ஹப்ப மட்டும் கழட்டித் தூக்கிட்டுப் போயி மேசை மேல வையுங்க. எந்த வண்டின்னு வாயே தொறக்காதீங்க."

ஒரு லேத் பட்டறைக்கு வழியும் சொல்லிவிட்டு, முட்டை காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

வேனை மல்லூரில் ஒரு பங்சர் கடையின் ஓரமாக சூடு ஆறிய பின் மெதுவாக ஓட்டிப்போய் நிறுத்தினோம். வாடகைக் காரில் பேட்டரி நாற்காலி ஏறாது. அம்மாவும் நானும் அக்காவைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. தன்னை யாரும் தூக்குவது அவளுக்குப் பிடிக்காது. ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேராகவே பார்த்தாள். காரில் ஏறிய பிறகு, "உன் ரிப்போர்ட்டுல இதையும் ஒரு ஐட்டமா சேர்த்துக்கோ" என்றாள். பேட்டரி நாற்காலியைப் பங்சர் கடையில் விட்டுவிட்டோம்; வீட்டில் ஒரு பழைய தள்ளு நாற்காலி இருந்தது. பள்ளி திறக்க ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் எங்கள் மெக்கானிக் பைக்கில் மல்லூர் வந்து ஹப்பைக் கழற்றினார். புதிய பேரிங் இரண்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. "நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன் போல மேடம்" என்றார் வாடிய முகத்தோடு. நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹப்பை ஒரு சிமென்ட் சாக்கில் கட்டி நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். தோளில், கழற்றியதைத் துடைத்து மறுபடி போட்டுவைத்த பாகங்களின் பைகள். கண்டக்டர் சாக்கைக் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆட்டுக்கல்லா?" என்றார்.

பட்டறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. லேத்தில் நின்றவர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். சுடிதார் மேல் காக்கிச் சட்டை, கொண்டையை மூடிக் கட்டிய துண்டு. சுவர் ஓரமாக லாரி ஹப்புகள் மண்ணும் கிரீஸுமாக வரிசையில் கிடந்தன. போர் போடும் ரிக் வண்டியின் டிரைவர் ஒருவர் ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முட்டை வண்டி டிரைவர் சொன்னபடி வாயைத் திறக்காமல் ஹப்பை மேசையில் வைத்தேன். பிறகு பைகளை எடுத்து, ஒட்டிய சீட்டு மேலே தெரியும்படி எண் வரிசையில் அடுக்கினேன். அந்தப் பெண் லேத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரில இருந்து வாரீங்க சாமி?"

ரிக் டிரைவர் டீயை இறக்கி வைத்துவிட்டு, "ரிசல்ட்டு எப்பங்க வரும்?" என்றார்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் நீலம் பாரித்த பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இது மூச்சு உடவே எடம் இல்லாம இறுகியிருக்குது" என்றார். பிறகு பழைய இரும்பு வளையத்தைப் பையிலிருந்து எடுத்தார். நான் உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிய வளையம். அதன் உள்விளிம்பின் மூலையில், உப்புத்தாள் எட்டாத இடத்தில், நகத்தால் சுரண்டினார். நக நுனியில் பச்சையாக ஏதோ வந்தது.

"ஏனுங்க, இதுக்கும் பேரிங்குக்கும் நடுவால ஒரு தகரம் இருந்திருக்குதே. அது எங்கீங்க?"

அதுதான் அந்தக் கேள்வி. "குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். நேற்றுப் புகைந்தது ஏன் என்பது சொல்லும்போதே புரிந்துவிட்டது. அந்த வளையம் பல வருட ஓட்டத்தில் தேய்ந்து குட்டையாகியிருக்கிறது. யாரோ ஒரு மெக்கானிக் அந்தக் குறையைத் தகரம் வெட்டி நிரப்பியிருக்கிறார். நான் அதை எடுத்துவிட்டதால் பேரிங்குகள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிச் சூடாகியிருக்கின்றன. எங்கள் மெக்கானிக் இறுக்கியது சரியாகத்தான் இருந்தது.

அவர் திட்டவில்லை. "போச்சாது, போனா போகட்டும் உடுங்க" என்றார். "இங்க யாரும் கழுவிட்டு வர மாட்டாங்க. மண்ணு, கிரீஸு, தகரம், நூலுன்னு எல்லாம் ஒரே சாக்குல வரும். அந்த அழுக்கு இருந்தாத்தான் எது எங்க ஒரசுச்சுன்னு தெரியும். கழுவறது எங்க வேலைங்க."

தகரத்தின் கனம் தெரிந்திருந்தால் வேலை சுலபம். அது குப்பைமேட்டில் இருந்தது. என்ன செய்யலாம் என்று அவர் யோசித்தபோது, அளந்தே கண்டுபிடித்துவிடலாம் என்றேன். மில்லிமீட்டருக்கும் குறைவாக அளக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் என் பையில் இருந்தன. அவர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"செரி, நீங்க அளந்து கணக்குப் போடுங்க. நான் என் வழியில கையால பாக்கறேன். ரெண்டும் ஒண்ணா வந்தா கடைஞ்சரலாம்."

அவர் பக்கத்துக் கடையில் புதிய பேரிங்குகள் எடுத்துவரச் சொன்னார். ஹப்பில் அவற்றை வைத்து, ஒரு நீண்ட போல்ட்டால் கோத்து இறுக்கினார். வளையத்தின் மேல் பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி வைத்து, ஹப்பைக் கையால் சுற்றிக் காதைக் கிட்டே கொண்டுபோனார். கழற்றினார். ஒரு தாளைச் சேர்த்தார். மறுபடி சுற்றினார். நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். ரிக் டிரைவர் கிளம்பாமல் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணக்கில் விடை பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர். அவர் கடைசியாக வைத்த அட்டையையும் தாளையும் சேர்த்து அளந்தேன். அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.

"நீங்க நிக்கற வண்டிக்குக் கணக்குப் போட்டுட்டீங்க" என்றார் அவர். "ஓடற வண்டி சூடாகுமுங்க. சூட்டுக்கு எடம் வேணுமில்ல?"

அவர் சொன்னது சரி. ஆனால் இன்னொன்று என் தாளில் இருந்தது. அந்த வளையத்தை நான் நான்கு இடங்களில் அளந்திருந்தேன். நான்கும் ஒன்றாக இல்லை. ஒரு பக்கம் மற்றதைவிடக் குட்டையாக, வளையமே சாய்வாகத் தேய்ந்திருந்தது. எத்தனை தகரம் வைத்தாலும் பேரிங் நேராக உட்காராது. மைக்ரோமீட்டரை அவர் கையில் கொடுத்தேன். அவரே அளந்து பார்த்தார்.

"அட, ஆமாங்க" என்றார். "இது என் கையிக்குத் தட்டலையே."

அதன் பிறகு தகரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பழைய ரிக் வண்டியில் 'பின்' என்று சொல்லும் தடித்த இரும்பு முளை ஒன்றை மூலையிலிருந்து இழுத்து வந்தார். அந்த இரும்பு சீக்கிரம் தேயாது என்றார். அதிலிருந்து புதிய வளையமே கடைந்தார். ஒவ்வொரு தடவை சீவியதும் நிறுத்துவார், நான் அளந்து சொல்வேன், அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஓட்டுவார். மாலை பஸ்ஸுக்கு முன்பு வேலை முடிந்தது. என்னிடம் இருந்த பாகங்களின் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, நாங்கள் கடைந்த அளவை அதில் எழுதித் தரச் சொல்லிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

சாக்கைத் தூக்கும்போதுதான், "ஆமா, இது எந்த வண்டிதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படி ஒரு வண்டி நான் பாத்ததே இல்லீங்க. வலது பக்கமும் இதே கதையாத்தான் இருக்கும். அதைக் கழட்டுனா கழுவாம கொண்டாங்க."

மறுநாள் மல்லூரில் எங்கள் மெக்கானிக் ஹப்பை மாட்டினார். மாட்டி முடித்ததும் தகரத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் கேட்டபோது இல்லை என்றது வேண்டுமென்றே சொன்ன பொய்யில்லை, ஆனால் தவறு என்னுடையது என்றேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தபடி, "நைட்டெல்லாம் தூங்கலை மேடம். நான் கேட்டேன்ல?" என்று மட்டும் சொன்னார். அவர் இறுக்கிய நட்டைச் சந்தேகித்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு நாள் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பாகத்தைக் கழுவியதற்கு வெட்கப்பட்டதைவிட இதற்கு அதிகம் வெட்கப்பட்டேன்.

இந்தத் தடவை அக்கா இல்லாமல், அவள் எடைக்கும் நாற்காலி எடைக்கும் சேர்த்து மணல் மூட்டை ஏற்றி ஓட்டினோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி அம்மா ஹப்பைத் தொட்டுப் பார்ப்பார். ராசிபுரத்தில் கடைசியாகத் தொட்டுவிட்டு, "சுடலை, வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். பள்ளி திறந்த அன்று அக்கா சாய்வுப் பலகையில் தானே ஏறினாள்.

கோவைக்குத் திரும்பும் முன் என் பட்டியலைப் பிரித்து எழுதினேன். மாடல் தெரியுமா என்று கேட்கும் பத்தியை எடுத்துவிட்டேன். இப்போது அதில் பாகங்களின் பெயர்களும், அந்தப் பாகத்தை மட்டும் பார்ப்பவர்களின் பெயர்களும் இருக்கின்றன. டீசல் பம்புக்குச் சேலத்தில் ஒருவர். கிளட்ச் தட்டுக்குத் திருச்செங்கோட்டில் ஒருவர், அவர் ரிக் வண்டிகளுக்குச் செய்பவர். கண்ணாடி ரப்பருக்கு நாமக்கல்லில் பஸ் பாடி கட்டும் இடத்தில் ஒரு கடை. இவர்களில் யாரும் எங்கள் வேனைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த வேனுக்கு ஆளே இல்லை என்று நான் முடிவு செய்திருந்தபோது, ஆட்கள் அதே ரோட்டில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். நான்தான் அவர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதைய நிலை இது. வலது சக்கரத்தையும் பிப்ரவரியில் கழற்றி, அழுக்கோடு சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டோம். அக்காவின் பிள்ளைகள் தேர்வு எழுதி முடித்துவிட்டார்கள். வேன் தினமும் ராசிபுரம் போய் வருகிறது. இரண்டாவது கியரில் லேசாக ஒரு முனகல் இருக்கிறது. அதற்கான காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை, பட்டியலில் அந்த இடத்துக்கு நேராக 'தெரியாது' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.